இணைமணி

காலை ஏழே முக்காலுக்கெல்லாம் தார்சியுஸ் வெந்நீர் போட்டுவிடுவான். திறப்பு நிலையத்தின் மூன்றாம் கவுண்டருக்கு அரசாங்கம் கொடுத்தது இரண்டே இரண்டுதான்: ரீடர் என்று எல்லோரும் சொல்கிற ஒரு நாடிவாசிப்பான், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை மணி. பிளாஸ்க்கையும் நான்கு எவர்சில்வர் டம்ளர்களையும் அவன்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவனுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. பயந்த மனிதரின் விரல் குளிர்ந்துபோகும். விரல் குளிர்ந்தால் நாடி ஒடுங்கும். நாடி ஒடுங்கினால் ரீடர் படிக்காது. அதனால் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் ஒரு டம்ளர் வெந்நீரைக் கையில் கொடுத்து, "குடிக்கதுக்கு இல்ல, சும்மா பிடிச்சிட்டு இருங்க. கை சூடாகட்டும்" என்பான். சிலர் பதற்றத்தில் குடித்தும் விடுவார்கள். அவன் மறுபடி ஊற்றிக் கொடுப்பான்.

அன்று முதல் ஆளாக வந்தவர் தேவசகாயம் சார். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ஒன்றியத்தை விட்டுப் போகக் கூடாது என்று நடந்த ஊர்வலம் அத்தனையிலும் நீலக் கொடியோடு முன்வரிசையில் நடந்தவர். பின்னால் அவர் மனைவியும் கல்லூரிக்குப் போகும் மகளும் வந்து நின்றார்கள். மூவரும் கோயிலுக்குப் போவதுபோல் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள்.

"என்ன தார்சியுஸ், நமக்கு இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தானே" என்று சிரித்தபடி சார் சட்டைப் பையிலிருந்து மணியை எடுத்து வைத்தார்.

கொண்டைக்கடலை அளவில் ஒரு கண்ணாடி மணி. பொதுவாக்கெடுப்பு நாளில் ஒவ்வொருவருக்கும் இரட்டை மணிகள் கொடுத்தார்கள். இரண்டிலும் ஒரே வாக்கு பதியும். ஒன்று உருண்டு பெட்டிக்குள் போய்விடும். அதன் ஜோடியான இணைமணி வாக்காளர் கையோடு வீட்டுக்கு வரும். எண்ணிக்கையில் யாருக்காவது சந்தேகம் வந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உரியவரின் விரலில் உயிர்நாடி ஓடினால்தான் மணி திறக்கும். வேறு யார் தொட்டாலும் வெறும் கண்ணாடிதான். யாரும் அதைத் திறக்க நேரும் என்று நினைக்கவில்லை. சிலர் ஜெபமாலையோடு போட்டு வைத்தார்கள், சிலர் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்தார்கள்.

தேவசகாயம் சார் டம்ளரை இரண்டு நிமிடம் பிடித்திருந்துவிட்டு விரலை வைத்தார். ரீடர் லேசாக முனகியது. மணி சிவந்தது.

சார் சிரிக்கப் பார்த்தார். "மிஷின்ல என்னமோ பழுது."

தார்சியுஸ் சோதனை மணியை வைத்துக் காட்டினான். அது எப்படி ஒளிர வேண்டுமோ அப்படி ஒளிர்ந்தது. நாளொன்றுக்கு முப்பது நாற்பது முறை சொல்கிற வாக்கியத்தை அவன் சொன்னான். "மிஷின்ல பழுது இல்ல சார்."

"நான் நீலம்தாம்ப்பா போட்டேன். ஊருக்கே தெரியும்!"

"எழுதிக்கிடுதேன் சார். ஆனா மணி சிவப்பு."

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவருக்காகக் காத்திராமல் வாசலை நோக்கி நடந்தாள். சார் போன பிறகு தார்சியுஸ் டம்ளரைக் கழுவினான்.

தென்பரவை என்பது கடல் ஏறிய காலத்தில் பவளத்திட்டுகள் மேல் மண்ணடித்து எழுப்பிய முப்பத்துநான்கு தீவுகள் சேர்ந்த நாடு. தூத்துக்குடிப் பக்கத்துக் கரையோர மக்கள்தான் அங்கே பெரும்பாலும் குடியேறினார்கள். ஒவ்வொரு தீவையும் சுற்றி அலைச்சுவர், சுவரில் கப்பல் போக ஒரு கடல்கதவு. பதினேழு நாடுகள் சேர்ந்த இந்துமாக்கடல் ஒன்றியம் அந்தக் கதவுகளை இயக்கியது. அதன் அலைக்கணிப்பு மையம் எங்கோ தொலைவில் இருந்துகொண்டு அலையைப் பார்த்து, கதவை எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று தானாகவே முடிவு செய்யும். ஐம்பது வருடம் ஒருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றதில்லை. அது போதாதா? போதவில்லை. நம் வீட்டுக் கதவை ஊரான் ஏன் திறந்து மூட வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. 'நம் கதவு நம் கையில்' என்று சுவரெல்லாம் எழுதியது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே கோயிலில் இரண்டு திருவிழா நடந்தது. கடைசியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு ஓட்டு வித்தியாசத்தில் நாடு வெளியே வந்தது. ஒன்றியம் சண்டை போடவில்லை. தன் கணிப்பை எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விட்டது. இப்போது கதவு நிஜமாகவே நம் கையில்தான் இருக்கிறது. எட்டு ஆள் சேர்ந்து இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால்தான் திறக்கும்.

போகும்போது ஒன்றியம் ஒரு சலுகை கொடுத்தது. அதற்குத் திறப்பு விதி என்று பெயர். விலக வேண்டாம் என்று வாக்களித்தவர்களைத் தண்டிப்பது நியாயமில்லை. அவர்கள் தங்கள் மணியைத் திறந்து நீலம் காட்டினால் அவர்களுடைய ஒன்றிய உறுப்புரிமை தொடரும். அவர்களுடைய வீடு ஒன்றிய வீடாகக் கருதப்படும். தென்பரவையில் வாழ்கிற பிற நாட்டுக் கணவனோ மனைவியோ அப்படிப்பட்ட வீட்டில் மட்டும் தொடர்ந்து இருக்கலாம். மற்ற வீடுகளில் இருக்கும் பிற நாட்டார் ஒரு வருடத்துக்குள் கப்பல் ஏற வேண்டும். திறக்கும்போது வீட்டார் ஒருவர் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடைசி வரிதான் எத்தனையோ வீடுகளில் புயலைக் கிளப்பியது.

கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வியாகுலம் அண்ணன் தன் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு தார்சியுஸின் மேசைக்கு வந்தார். நிலையத்தின் பொறுப்பாளர் அவர். ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. பொரித்த சாளை மீனை அவன் தட்டில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏல தார்சி. பத்து மாசமா ஊரான் மணியெல்லாம் திறக்க. உன் மணிய மட்டும் திறக்கல. எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

தார்சியுஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சிவப்புதானே?"

அவன் தலையை ஆட்டினான். அந்த உண்மையை இன்னொரு மனிதனுக்கு அவன் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அட கிறுக்குப்பயல. டீக்கடையில நீ போட்ட சத்தம் என்ன! சிவப்புக்குப் பேசுன அருள்தாஸை அடிக்கவே போனியேல." வியாகுலம் பெருமூச்சு விட்டார். "சரி, கேளு. ஐஸ் தண்ணியில கைய ஒரு பத்து நிமிஷம் வை. மூணு தடவை ரீடர் படிக்காது. மூணு தடவை படிக்கலன்னா பழுதுச் சான்று எழுதலாம்னு விதி இருக்கு. உன் வீட்டம்மா, இவரு நீலம்தான் போட்டாருன்னு ஒரு சத்தியம் பண்ணட்டும். நான் கையெழுத்துப் போடுதேன். சோலி முடிஞ்சுது."

"பொய்ச் சத்தியம்னு பின்னால தெரிஞ்சா, சத்தியம் பண்ணவளுக்கு ஒன்றிய உறுப்புரிமையே போயிரும்ண்ணே. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம ஆயிருவா."

"யாருல தோண்டப் போறா? அவளுக்குத்தான் அது பொய்யின்னே தெரியாதே."

அதுதான் தார்சியுஸைக் குத்தியது. அவளுக்குத் தெரியாது. அவள் மனசாரச் சத்தியம் செய்வாள்.

ஜெசிந்தா மன்னார்க்காரி. பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒன்றியத்தின் மருத்துவப் பரிமாற்றத்தில் தாதியாகத் தென்பரவைக்கு வந்தவள். தார்சியுஸ் அப்போது கடல்கதவில் மேற்பார்வையாளன்; ஒன்றியம் போன பிறகுதான் அவனைத் திறப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். கதவுச் சங்கிலியில் மாட்டிக் கிழிந்த அவன் முழங்கைக்குத் தையல் போட்டவள் அவள்தான். தையல் பிரிக்க நாலு தடவை போனான், ஒரு தடவை போனாலே போதும் என்று தெரிந்தும். பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அந்தத் தீவில் பத்துப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளில் பாதி அவள் கையில் வந்து விழுந்தவை. பிரசவ அறைக்குள் நுழையுமுன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். உலகத்தில் முதல் தொடுகை குளிரக் கூடாது என்பாள். இத்தனையும் செய்தவளுக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை. ஒன்றியத்தின் பிற நாட்டுக் குடிகளுக்குப் பொதுவாக்கெடுப்பில் வாக்கில்லை என்று சட்டம் சொன்னது.

"எனக்கும் சேர்த்துத்தான் நீங்கள் போடுறியள்" என்று வாக்கெடுப்பு நாள் காலையில் அவனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தபோது சொன்னாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவனுடைய கைத்திரையில் ஒன்றியத்தின் கடிதம் வந்தது. கதவு மேற்பார்வையாளர்கள் எல்லோரும் புதிதாகத் தேர்வு எழுத வேண்டும் என்று ஒன்றியம் அந்த வருடம் உத்தரவு போட்டிருந்தது. பத்தொன்பது வருடம் கதவோடு குடும்பம் நடத்தியவன், பயிற்சிக்கு வந்த பொடிசுகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். தேற அறுபது வேண்டும். அவனுக்கு ஐம்பத்தெட்டு. அந்த இரண்டு மார்க்கும் கதவைப் பற்றிய கேள்வியில் போகவில்லை. எந்தப் படிவத்தை எந்த நிறக் கோப்பில் வைக்க வேண்டும் என்ற கேள்வியில் போனது. இனி உதவியாளராகப் பணியைத் தொடரலாம் என்று கடிதம் மிகவும் மரியாதையாகச் சொன்னது. அந்த மரியாதைதான் அவனுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

வாக்குச்சாவடித் தடுப்புக்குள் நின்றபோதும் அந்தக் கடிதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. எப்படியும் நீலம்தான் ஜெயிக்கப்போகிறது, எல்லாக் கணிப்பும் அறுபது சதவீதம் என்கிறது. ஒரு ஓட்டில் என்ன குடி முழுகிவிடும், அந்த ஒன்றியத்துக்காரன்களுக்கும் கொஞ்சம் வயிறு கலங்கட்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. சிவப்பை அழுத்தினான். மணி உருண்டு விழுந்த சத்தம் கேட்ட அந்தக் கணத்திலேயே அவனுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. வெளியே தூறல். வளாகத்துக்குள் வர அனுமதி இல்லாததால் ஜெசிந்தா சாலைக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தெருவில் கை பிடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"போட்டாச்சோ?" என்றாள்.

"ம்" என்றான்.

அந்த ஒரு 'ம்' அன்றிலிருந்து அவனைத் தின்றது. திறப்பு நிலைய ஊழியர்கள் கடைசி வாரத்தில்தான் தங்கள் மணியைத் திறக்கலாம் என்று அவளிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான். அந்தக் கடைசி வாரமும் வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் சமையற்கட்டில் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்குத்தானே எங்கட முறை? நான் ஆஸ்பத்திரியில லீவு சொல்லிப்போட்டன். உங்கட ஆக்களுக்குக் குடுக்க இது காணுமோ?"

"எதுக்கு இவ்வளவு?"

"பத்து மாசமா மற்றவையின்ர கண்ணீரைப் பார்த்துப்போட்டு வாறியள். ஒரு நாளைக்கு இனிப்பும் இருக்கட்டும்." எள் ஒட்டிய கையாலேயே அவன் கன்னத்தைத் தட்டினாள். "எங்கட ஆஸ்பத்திரி ரீட்டான்ர புருசன் சிவப்பாம், தெரியுமோ? அவள் போன கிழமை கப்பல் ஏறிப்போட்டாள். ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு எப்பிடி ஒரு மனுசன் அப்பிடிச் செய்வான் எண்டு நினைச்சுப் பார்த்தன். எனக்கு விளங்கவே இல்லை."

அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்த வாயில் ஒரு எள்ளுருண்டையைப் போட்டுக்கொண்டான். கோழை. வேறு என்ன சொல்வது? அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு வியாகுலம் அண்ணன் கண்ணைக் காட்டினார். தார்சியுஸ் பின்னறைக்குப் போய், வியாகுலம் கொண்டுவந்து வைத்திருந்த மீன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டு வலது கையை முக்கினான். பத்து நிமிடம். முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு கை இருப்பதே தெரியவில்லை. இப்படியே உடம்பு முழுக்க மரத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஜெசிந்தா மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் நீலப் புடவை கட்டிக்கொண்டு, மடியில் எள்ளுருண்டை டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வியாகுலம் இருந்தார். தார்சியுஸ் முதல் முறையாக இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

"விரலை வை தார்சி."

வைத்தான். ரீடர் முனகி நின்றுவிட்டது. மணி வெறும் கண்ணாடியாகவே இருந்தது.

"படிக்கல. இன்னொரு தடவை."

இரண்டாம் தடவையும் படிக்கவில்லை. வியாகுலம் இழுப்பறையைத் திறந்து பழுதுச் சான்றுப் படிவத்தை இப்போதே எடுத்து வைத்தார். "சில மணி இப்பிடித்தாம்மா. ஒண்ணும் பயப்படாண்டாம். மூணாவது தடவையும் படிக்கலன்னா நீங்க ஒரு சத்தியம் பண்ணா போதும். இவரு நீலம்தான் போட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்தானே." ஜெசிந்தா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, மேசை மேல் இருந்த கணவனின் கையைப் பார்த்தாள். எடுத்தாள். திடுக்கிட்டாள். "என்ன இது, ஐஸ் கட்டி மாதிரிக் கிடக்கு! என்னத்துக்கு இப்பிடிப் பயப்படுறியள்?" அந்த விரலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடு ஜெசி" என்றான் அவன்.

"சும்மா இருங்கோ." தேய்த்துக்கொண்டே வியாகுலத்திடம் பேசினாள். "அண்ணை, நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுவன் எண்டால், அண்டைக்கு மழை. நான் றோட்டுக்கு அங்கால குடையோட நிண்டனான். இவர் போட்டுட்டு வந்து ஒண்டும் பேசாமல் என்ர கையைப் பிடிச்சவர். பதினாலு வருசத்தில றோட்டில வைச்சு ஒரு நாளும் பிடிச்சதில்லை. எனக்கு அப்பவே விளங்கிட்டுது, இந்த மனுசன் எனக்காகத்தான் போட்டிருக்குது எண்டு. இதைவிட என்ன சாட்சி வேணும்?" சொல்லிக்கொண்டே குனிந்து அவன் விரலில் ஊதினாள். பிறந்த பிள்ளையைத் தொட அவள் சூடாக்கிக்கொள்கிற அதே கை அது.

விரலில் உயிர் திரும்பியது. ஊசி குத்துவதுபோல் நாடி துடிப்பது அவனுக்கே தெரிந்தது.

வியாகுலம் சட்டென்று பேனாவை எடுத்தார். "மூணாவது தடவையும் படிக்கலன்னே எழுதிக்கிடுதேன். எதுக்கு வீணா..."

"இல்லண்ணே" என்றான் தார்சியுஸ். "விதி விதிதான். வைக்கேன்."

"ஏல!"

அவள் சூடாக்கிக் கொடுத்த விரலை அவன் ரீடரில் வைத்தான்.

மணி சிவந்தது.

வியாகுலம் படிவத்தை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். ஜெசிந்தா மணியைப் பார்த்தாள். அவளுடைய கை இன்னும் அவன் மணிக்கட்டில்தான் இருந்தது. பிரசவ அறையில் ஏதாவது தவறிப்போகும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று அவன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான். அந்த முகம் வந்தது.

"மிஷின் பழுதோ அண்ணை?" என்று கேட்டாள்.

தார்சியுஸ்தான் சொன்னான். "மிஷின்ல பழுது இல்ல."

மணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள். "ஒன்றியம் வைச்ச அந்தச் சோதனைக்கோ? பெயிலாக்கினதுக்கோ?"

"ஆமா."

"எத்தனை மார்க்கால போனது?"

இத்தனை நாள் அதை அவளிடம் சொன்னதில்லை. "ரெண்டு."

"ரெண்டு" என்று அவளும் திருப்பிச் சொன்னாள். அவன் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "நான் வெளியில குடையோட நிண்டனான்."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, குழந்தை பிறந்த நேரத்தைக் குறிப்பதுபோல் தெளிவான கையெழுத்தில் நேரம் 11.52, நிறம் சிவப்பு என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றிருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு எள்ளுருண்டையாகக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று ஒருவர் கேட்டார். ஊருக்குப் போகிறேன் என்றாள்.

மிச்சமிருந்த எட்டு நாளும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உப்பு எங்கே இருக்கிறது, தண்ணீர் வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும், அவனுடைய பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றெல்லாம் நிதானமாகக் காட்டிக் கொடுத்தாள். ஒரு நாள் அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிரு ஜெசி" என்றான்.

"மன்னிக்கிறது பெரிய வேலை" என்றாள் புடவையை மடித்துக்கொண்டே. "இப்ப பெட்டி அடுக்கிற வேலை கிடக்கு. அங்க போய் யோசிக்கிறன்."

வெளியேறிய நாட்டுக்காரர்களுக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் ஒன்றியம் விருந்தினர் அனுமதி தருகிறது. வரலாமா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

கெடு முடிகிற நாளில் கடைசிக் கப்பல் வந்து நின்றபோது துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. அவள் கையில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் தாய்மார் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் வந்துவிட்டார்கள். "எங்கள விட்டுட்டுப் போறீங்களே சிஸ்டர்" என்று ஒருத்தி கட்டிக்கொண்டு கதறினாள். அவளுடைய மணியை ஆனி மாதம் தார்சியுஸ் திறந்தான். சிவப்பு. பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்த பெரியவர் சிவப்பு. ஜெசிந்தாவின் பெட்டியைப் போட்டி போட்டுக்கொண்டு தூக்கி வந்த அண்ணன் தம்பி இருவரில் மூத்தவன் சிவப்பு. வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் அடுத்தவர் நிறம் தெரியாது. திறந்தவனுக்கு மட்டும் தெரியும். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பொய் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

கூட்டத்தின் நடுவே தேவசகாயம் சார் மாலையோடு வந்தார். மாலையை ஜெசிந்தாவின் கையில் கொடுத்துவிட்டு உரத்த குரலில் சொன்னார்: "இந்த மாதிரி ஒரு மகராசிய அனுப்ப வச்சுட்டானுவளே! அந்தச் சிவப்புக்காரனுவ நல்லா இருப்பானுவளா? விளங்குவானுவளா?" கூட்டம் ஆமாம் போட்டது. சார் திரும்பியபோது தார்சியுஸ் எதிரே நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாரின் வாய் அப்படியே நின்றுபோயிற்று. முதலில் தலை குனிந்தது தார்சியுஸ்தான்.

ஜெசிந்தா படியேறுமுன் அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் கையை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"குளிருது" என்றாள். கையை அவனிடமே விட்டுவிட்டு ஏறிப் போனாள்.

கப்பல் ஊதியது. நகரவில்லை. கடல்கதவு இன்னும் அடைத்தபடியே இருந்தது. கதவு மேட்டிலிருந்து ஒருவன் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். "ஆள் பத்தல! நாலு பேர்தான் இருக்கோம். தார்சியுஸ் அண்ணே, நீங்க பழைய ஆளுல்லா, வந்து ஒரு கை பிடிங்க! இன்னும் மூணு பேர் வாங்க!"

தார்சியுஸ் படியேறினான். பின்னாலேயே பெட்டி தூக்கிய அந்த மூத்தவன் வந்தான். பேரனை இறக்கி விட்டுவிட்டுப் பெரியவர் வந்தார். கடைசியாகத் தேவசகாயம் சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சக்கரத்தின் இரும்புக் கம்பியை அவனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். அலைச்சுவரில் அடித்த பெரிய எழுத்துகள் வெயிலில் பாதி வெளுத்துக் கிடந்தன. நம் கதவு நம் கையில். எட்டுப் பேரும் மூச்சுப் பிடித்துச் சுற்றினார்கள். துரு உள்ளங்கையைக் கிழித்தது. கதவு அங்குலம் அங்குலமாக விலகியது. அந்தச் சந்துக்குள் கப்பல் நுழைந்து, நீலப் புடவை ஒன்று மேல்தளத்தில் நிற்பது தெரிந்து, பிறகு தெரியாமல் போனது.

"சரி, திருப்பிச் சுத்துங்க, அலை வருது" என்றான் கதவுக்காரன். அடைப்பதற்கும் அதே எட்டுப் பேர் தேவைப்பட்டது.